புற்றைப்போல் தோன்றும் எலும்பு அழற்சிகள்

(நெல்லிக்குப்பத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

எலும்புக்குத் தெரிந்த வேலைகள் இரண்டே: கரைவது, கட்டுவது. பழைய எலும்பை அரித்துக் கரைக்கும் உயிரணுக்கள் ஒரு பக்கம், சுண்ணாம்புச் சத்தைப் படியவைத்துப் புது எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மறுபக்கம். இரண்டும் வாழ்நாள் முழுவதும் ஓய்வதில்லை. உள்ளே கிருமி புகுந்தாலும், வேறு உறுப்பிலிருந்து புற்றுச் செல் வந்து குடியேறினாலும், கிருமியே இல்லாமல் உடம்பின் நோயெதிர்ப்பு ஆற்றல் தடம்மாறித் தாக்கினாலும், எலும்பு காட்டும் மறுவினை இந்த இரண்டுக்குள்தான் அடங்கும். அரிப்பைத் தூண்டும் வேதிச் சமிக்ஞைகளும் பெரும்பாலும் ஒன்றே. காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து நிற்கும் வெள்ளணுக்களும், மார்பகத்திலிருந்து கிளம்பி முதுகெலும்பில் தங்கிய புற்றுச் செல்லும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் அந்த அரிக்கும் உயிரணுக்களை ஏவிவிடுகின்றன. எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் பதிவது நோய்க்கு எலும்பு கொடுத்த பதில். கேள்வி வேறுவேறாக இருந்தாலும் பதில் ஒன்றாக இருக்கும்போது குழப்பம் வரத்தான் செய்யும்.

இந்தக் குழப்பம் ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு விதமாக வருகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிய வேண்டுமென்றால் அந்த இடத்துச் சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போயிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த சேதம் கண்ணில் படாது. தெரிந்த பிறகு நிபுணர் முதலில் பார்ப்பது ஓட்டையின் ஓரத்தை. அமெரிக்கக் கதிரியக்க நிபுணர் குவிலிம் லாட்விக் 1960களில் வகுத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. ஓரம் கத்தரித்தாற்போல் தெளிவாக இருந்தால் நோய் மெதுவாக வளர்கிறது. செல்லரித்ததுபோல் சிதறலாக இருந்தால் வேகமாக வளர்கிறது. இந்த முறை அளப்பது வேகத்தை மட்டுமே. வேகமாக வளர்வதெல்லாம் புற்று என்று எடுத்துக்கொள்வது பிற்காலத்தார் சேர்த்துக்கொண்ட வழக்கம். குழந்தையின் தொடை எலும்பில் பிடித்த கடும் சீழ்த்தொற்று பல புற்றுகளைவிட வேகமாக எலும்பைத் தின்னும்.

டெக்னீசியம் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேன் மறுமுனையைப் பார்க்கிறது. எங்கே புது எலும்பு கட்டப்படுகிறதோ அங்கே கதிர்மருந்து கூடுதலாகச் சேர்ந்து கரும்புள்ளியாகத் தெரியும். ஆறிவரும் முறிவு, மூட்டுத் தேய்வு, காசநோய், புரோஸ்டேட் புற்றின் பரவல் எல்லாமே புள்ளிதான். எம்.ஆர்.ஐ. எலும்பு மச்சையைப் படம்பிடிக்கிறது. வளர்ந்தவர்களின் மச்சையில் கொழுப்பு நிறைய உண்டு. கொழுப்பு டி-1 எனப்படும் படத்தில் வெளிறித் தெரியும். அந்த இடத்தில் சீழோ, வீக்கநீரோ, புற்றுச் செல்லோ வந்து உட்கார்ந்தால் டி-1 படத்தில் கருத்து, கொழுப்பை அடக்கி எடுக்கும் படத்தில் பளிச்சென்று மின்னும். எது வந்து உட்கார்ந்தது என்பதை அந்தக் கருமையும் மினுக்கமும் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

புற்றைக் கண்டுபிடிக்கவே வந்ததாகப் பொதுமக்கள் நம்பும் பெட் ஸ்கேனின் கதையும் இதுவே. புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகம் விழுங்கும் என்று ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டார். ஃபுளூரின்-18 ஒட்டிய குளுக்கோஸைச் செலுத்தி அதை விழுங்கும் இடங்களைப் படம்பிடிப்பதே பெட். ஆனால் கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களும் அதே பசியோடுதான் குளுக்கோஸை விழுங்குகின்றன. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் பெட் ஸ்கேனில் ஒளிரும் முள்ளெலும்பைப் பார்த்ததும் நான்காம் கட்டப் புற்று என்று முடிவு கட்டுவது ஆபத்து. விழுங்கும் அளவை எண்ணாகக் கொடுத்தாலும் தப்பிக்க வழியில்லை. முற்றிய காசநோயின் எண்ணும் புற்றின் எண்ணும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

ஸ்கேன் அறிக்கைகளின் மொழியைப் பற்றியும் இங்கே ஒரு சொல் தேவை. புற்றுப் பரவலாக இருக்கக்கூடும், தொற்றையும் விலக்க வேண்டும், நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று மூன்று பகுதிகளாக எழுதுவது கதிரியக்கத் துறையின் நேர்மையான வழக்கம். குடும்பத்தின் கண்ணில் படுவது முதல் பகுதி மட்டும். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அறிக்கை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களைச் சுற்றிவிடுகிறது. வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. சில வீடுகளில் நோயாளியிடமே சொல்லாமல் மறைத்து, இனி எதற்கு ஊசி, கத்தி என்று பயாப்சியையே வேண்டாமென்று சொல்லிவிடுகிறார்கள். குணமாகக்கூடிய நோய் கைநழுவிப் போகும் இடங்களில் இது முக்கியமானது.

படமே இல்லாத காலத்திலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. லண்டன் அறுவை மருத்துவர் பெஞ்சமின் பிராடி 1824-இல் ஓர் இளைஞரின் காலைத் துண்டித்தார். கணுக்காலுக்கு மேலே கெண்டைக்கால் எலும்பு வீங்கி, ஆண்டுக்கணக்கில் தாங்க முடியாத வலி. துண்டித்த காலை அறுத்துப் பார்த்தபோது எலும்புக்குள் கொட்டைப்பாக்கு அளவு குழியும் அதில் சீழும் மட்டுமே இருந்தன. நோயாளி சில நாளில் இறந்துபோனார். துளையிட்டுச் சீழை எடுத்திருந்தால் போதுமே என்பதை உணர்ந்த பிராடி, பின்னால் வந்த அத்தகைய நோயாளிகளுக்கு எலும்பில் துளைபோட்டுக் குணப்படுத்தினார். 1832-இல் அவர் அச்சிட்ட அந்த அனுபவங்களால்தான் எலும்புக்குள் அடங்கிக் கிடக்கும் நாட்பட்ட சீழ்க்கட்டி இன்றும் பிராடி கட்டி என்று அழைக்கப்படுகிறது. எக்ஸ்ரேயில் அது சில கட்டிகளைப் போலவே காட்சி தரும். எம்.ஆர்.ஐ.யில் குழியைச் சுற்றி மெல்லிய வெளிர்வளையம் ஒன்று தெரிந்தால் சீழ்க்கட்டியின் பக்கம் எடை கூடுகிறது.

தமிழ்நாட்டில் புற்றுவேடம் போடும் எலும்பு நோய்களில் முதலிடம் முதுகெலும்புக் காசநோய்க்கே. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நோய் நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது. எலும்பைப் பிடிக்கும் காசநோயில் பாதி முதுகெலும்பைத்தான் பிடிக்கிறது. சளி இருக்காது, இருமல் இருக்காது, மார்பு எக்ஸ்ரே பலருக்குச் சுத்தமாக இருக்கும். காசநோய் என்றால் இருமல் என்று பழகிய மனம் அதைப் பற்றி நினைப்பதே இல்லை.

நெல்லிக்குப்பம் போன்ற கரும்பு ஊரில் இது தொடங்கும் விதம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். கரும்பு வெட்டிக் கட்டுத் தூக்கி லாரியில் ஏற்றுகிறவருக்கு இடுப்பு வலிப்பது செய்தியே அல்ல. தைலம், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை, ஊசி, பெல்ட் என்று மூன்று நான்கு மாதம் போய்விடும். படுத்தாலும் தீராத வலி, மாலையில் லேசான காய்ச்சல், சட்டை தொளதொளப்பது ஆகியவை பிறகே கவனத்துக்கு வரும். கால் மரத்து நடை தடுமாறிய பிறகுதான் பலர் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, நெய்வேலிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் இரண்டு மூன்று முள்ளெலும்புகள் கருத்துக் கிடக்கும். வயது ஐம்பத்தைந்து, பீடிப் பழக்கம், எடை குறைவு, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான இ.எஸ்.ஆர். நூறுக்கு மேல். இந்த விவரம் ஒவ்வொன்றும் நுரையீரல் புற்று எலும்புக்குப் பரவியதற்கும் பொருந்தும், காசநோய்க்கும் பொருந்தும்.

இரண்டையும் பிரிக்கப் பாடநூல் சொல்லும் வழி முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கைப் பார்ப்பது. காசநோய் பெரும்பாலும் டிஸ்க்கை ஒட்டிய விளிம்பில் தொடங்கி, அடுத்தடுத்த இரண்டு எலும்புகளையும் தாக்கி, நடுவில் உள்ள டிஸ்க்கையும் காலப்போக்கில் கரைத்துவிடும். புற்று டிஸ்க்கைத் தொடுவதில்லை. அங்கே ரத்தக்குழாய் இல்லாததால் ரத்தத்தில் மிதந்து வரும் செல்லுக்கு வழியில்லை. புற்று முள்ளெலும்பின் பின்பக்கக் காம்பையும் தின்னும். முதுகை நேரே எடுத்த எக்ஸ்ரேயில் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு கண்கள்போல் தெரியும் காம்புகளில் ஒன்று மறைந்துவிட்டால், அதைக் கண்ணடிக்கும் ஆந்தை என்று கதிரியக்கத் துறையில் சொல்வார்கள். காசநோயில் எலும்பின் இரு பக்கமும் மெல்லிய சுவர் கொண்ட பெரிய சீழ்க்கட்டி இருக்கும். சூடோ சிவப்போ இல்லாததால் அதற்குக் குளிர்ந்த கட்டி என்று பெயர். அது இடுப்புத் தசைவழியே தொடைவரை இறங்குவதும் உண்டு. அந்தக் கட்டிக்குள் சுண்ணாம்புத் துணுக்குகள் தெரிந்தால் காசநோய் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பாடநூல் விதி நன்றாகவே வேலை செய்கிறது, வழக்கமான நோயாளியிடம். வழக்கத்துக்கு மாறானவர்கள் குறைவு அல்ல. காசநோய்க் கிருமியிடம் புரதத்தைக் கரைக்கும் நொதி இல்லாததால் டிஸ்க் வெகுநாள் தாக்குப்பிடிக்கிறது. நோயின் முதல் மாதங்களில் எடுத்த படத்தில் டிஸ்க் முழுசாக இருக்கும். சிலருக்கு நோய் விளிம்பை விட்டு முள்ளெலும்பின் நடுவிலேயே தொடங்குகிறது. சிலருக்கு பின்காம்பிலும் வளைவிலும் மட்டும் பிடித்து, அந்த ஆந்தையைக் காசநோயே கண்ணடிக்க வைக்கிறது. முள்ளெலும்புகளின் முன்னால் ஓடும் தசைநாருக்கு அடியில் கிருமி ஊர்ந்து போய், இரண்டு எலும்புகளைத் தாண்டி மூன்றாவதைப் பிடிப்பதும் நடக்கிறது. கழுத்தில் ஒன்று, மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று ஒட்டாமல் பிடித்த காசநோயைப் படத்தில் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது புற்றுப் பரவல்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த எண்ணத்தோடு நின்றுவிடுவதுதான் குறை.

முதுகெலும்புக் காசநோயின் சிகிச்சையை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் சென்னை ஒன்று. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக உள்ள மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடந்து பெறும் பலன் கிடைக்கும் என்பதை முதலில் நிறுவியது. பின்னர் முதுகெலும்புக்கும் அதே கேள்வியைக் கேட்டது. நோயுற்ற எலும்பை முழுவதும் அகற்றி எலும்பு ஒட்டும் பெரிய அறுவைச் சிகிச்சை ஹாங்காங்கில் புகழ்பெற்றிருந்த காலம் அது. சென்னை ஆய்வில் ஒரு பிரிவினருக்கு அந்த அறுவையும் ஆறு மாத மருந்தும், மற்ற இரு பிரிவினருக்கு நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாத மருந்தும் தரப்பட்டன. பத்தாண்டுக்குப் பின் 1999-இல் வெளியான முடிவில் எந்தப் பிரிவிலும் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் நலம் பெற்றிருந்தார்கள். அறுவையால் கூடுதல் பலன் இல்லை. மாத்திரையில் குணமாகும் நோயைப் புற்று என்று கைவிடுவதன் இழப்பு எவ்வளவு என்பதை இந்த ஆய்வை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

குழந்தைகளிடம் எல்லை இன்னும் மெல்லியது. அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஜேம்ஸ் யூயிங் 1921-இல் விவரித்த சார்கோமா, ஐந்து முதல் இருபது வயதுக்குள் அதிகம் வரும் எலும்புப் புற்று. அது காய்ச்சலைத் தரும், வெள்ளணுக்களைக் கூட்டும், இ.எஸ்.ஆரை ஏற்றும். எலும்பின் மேலுறை அடுக்கடுக்காக உரிந்து வெங்காயத் தோல்போல் எக்ஸ்ரேயில் தெரியும். எலும்புச் சீழ்த்தொற்றும் இதே காய்ச்சலையும் இதே அடுக்குகளையும் தரும். மேலுறை ஒரு முனையில் தூக்கப்பட்டு உண்டாகும் காட்மன் முக்கோணத்தைப் புற்றின் முத்திரை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வதுண்டு. சீழும் மேலுறையைத் தூக்கும் என்பது அடுத்த வரியிலேயே இருக்கிறது. இந்த நோயில் ஏமாற்றம் இரு திசையிலும் உண்டு. யூயிங் கட்டியின் நடுப்பகுதி செத்து இளகினால் அறுவை மேசையில் பார்ப்பதற்குச் சீழாகவே இருக்கும். சீழ் என்று நம்பி வடித்துவிட்டு, திசுப் பரிசோதனைக்கு எதுவும் அனுப்பாமல் தையல் போட்டுவிட்டால் புற்று பல மாதம் கூடுதலாகப் பெறுகிறது. செத்த எலும்புத் துண்டு தனியே கிடப்பது, மச்சையில் கொழுப்புத் துளிகள் மிதப்பது போன்றவை தொற்றின் பக்கம் சாயும் அடையாளங்கள். அவை இல்லாததால் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கிருமியே இல்லாத எலும்பு அழற்சி ஒன்றும் குழந்தைகளுக்கு வருகிறது. சுவிட்சர்லாந்தின் ஆண்ட்ரியாஸ் கீடியனும் உடன் பணியாற்றியவர்களும் 1972-இல் அதை முதலில் விவரித்தார்கள். பல எலும்புகளில் மாறிமாறி வந்துபோகும் நாட்பட்ட எலும்பழற்சி அது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், பெண் குழந்தைகளுக்கு அதிகம். கால் எலும்புகளின் வளர்முனைகளிலும் காறை எலும்பிலும் வீக்கம் வரும். வலி வரும், போகும், வேறு இடத்தில் வரும். முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் குழந்தைக்கு வலிக்காத இடங்களிலும் நாலைந்து புள்ளிகள் தெரியும். பல எலும்பில் புள்ளிகள் என்றதும் ரத்தப் புற்றும் பரவிய புற்றும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. பயாப்சியில் புற்றுச் செல் இல்லை, கல்ச்சரில் கிருமி இல்லை, ஆன்டிபயாடிக் கொடுத்தால் பலனும் இல்லை. நாப்ராக்சன் போன்ற அழற்சி மருந்திலேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தேறுகிறார்கள். தேறாதவர்களுக்கு எலும்பரிப்பைத் தடுக்கும் பாமிட்ரோனேட் ஊசி உண்டு. இதன் பெரியவர் வடிவம், தோலில் சீழ்க்கொப்புளமும் மார்பெலும்பு மூட்டில் தடிப்பும் சேர்ந்து வருவது. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் புரட்டிப் பார்த்தாலே பல சமயம் துப்பு கிடைத்துவிடும். எலும்பு ஸ்கேனுக்குப் பணம் கட்டிய பிறகு அந்தக் கையைப் பார்ப்பதுதான் வழக்கமாகிவிட்டது.

தமிழ் மண்ணின் பெயரையே தாங்கி உலக மருத்துவ நூல்களில் இருக்கும் நோய் மதுரைக் கால். மதுரையில் பணியாற்றிய ஜான் கில் 1842-இல் அதைப் பதிவு செய்தார். பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர் பின்னர் அது பூஞ்சையால் வருவதைக் காட்டினார். வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் பாதத்தில் முள் குத்திய வழியே மண்ணில் உள்ள பூஞ்சையோ, பூஞ்சைபோல் கிளைக்கும் பாக்டீரியாவோ உள்ளே போகிறது. வலி இருக்காது. பாதம் மெல்ல மெல்லக் கெட்டியாகத் தடிக்கும். ஆண்டுகள் கழித்து ஓட்டைகள் திறந்து, நீரோடு கருப்பு, மஞ்சள், வெள்ளை அல்லது சிவப்புக் குருணைகள் வெளியே வரும். குருணை வந்தவரைக் கண்டுபிடிப்பது எளிது. ஓட்டை திறக்காத கட்டத்தில் வருகிறவரின் எக்ஸ்ரேயில் பாத எலும்புகள் செல்லரித்துக் கிடக்க, சுற்றிலும் பெரிய திசுக்கட்டி இருக்கும். அதைச் சார்கோமா என்று எண்ணிக் காலை எடுக்கும் பேச்சு வரும். எம்.ஆர்.ஐ.யில் சின்னச் சின்ன வட்டங்களும் ஒவ்வொன்றின் நடுவில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால் அது மதுரைக் கால். நடுப்புள்ளி அந்தக் குருணைதான். எலும்பழற்சிப் படங்களில் பெயரைத் தானே சொல்லும் படம் அரிது, இது அவற்றில் ஒன்று. பாக்டீரியா வகையானால் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற மருந்துகளில் கால் தப்பும். பூஞ்சை வகை பிடிவாதமானது. மாதக்கணக்கில் இட்ராகோனசோலும் அறுவையும் சேர்ந்தே தேவைப்படும்.

மழைக்காலத்தில் சேற்றிலும் வயல்நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா என்னும் கிருமி தரும் மெலியாய்டோசிஸ் நோயும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உண்டு. சர்க்கரை நோயாளிகளை அது குறிவைக்கிறது. எலும்பு, மண்ணீரல், கல்லீரல் என்று பல இடங்களில் சீழ் வைப்பதால் ஸ்கேனில் பரவிய புற்றுபோலவே படுத்துக் கிடக்கும். பழகாத லேப்பில் இதைச் சாதாரண சூடோமோனாஸ் என்று எழுதி ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது. காய்ச்சாத ஆட்டுப்பால், மாட்டுப்பால் வழியே வரும் புரூசெல்லாவும் இடுப்பு முள்ளெலும்பைப் பிடிக்கும். ஆடு மாடு வளர்க்கிறவரா என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்தது.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நோயின் பெயரைத் திசுதான் சொல்ல வேண்டும். முதுகெலும்பில் இதற்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, தோலை மரக்கச் செய்து, சி.டி. படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியை எலும்புக்குள் செலுத்தி, தீக்குச்சிக் கனமுள்ள துண்டுகளை எடுக்கிறார்கள். நாலைந்து துண்டுகள் கிடைத்தால் நல்லது. அதன் பிறகு மேசையருகே நடப்பதுதான் பல நோயாளிகளின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. பழக்க தோஷத்தில் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டு மூடிவிட்டால் கிருமிகள் அத்தனையும் செத்துவிடும். கல்ச்சர் செய்ய எதுவும் மிஞ்சாது. சில துண்டுகள் ஃபார்மலினில் போய் நுண்ணோக்கியின் கீழ் புற்றுச் செல் தேட வேண்டும். மற்றவை வெறும் சலைனில், கிருமி நீக்கிய பாட்டிலில், காசநோய் மரபணுச் சோதனைக்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும். புற்று என்று நினைத்தாலும் கல்ச்சருக்கு அனுப்பு, தொற்று என்று நினைத்தாலும் பயாப்சிக்கு அனுப்பு என்பது எலும்பு மூட்டு மருத்துவர்கள் தம் மாணவர்களுக்குச் சொல்லும் விதி. ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் காசநோய்க் கிருமியையும் அது காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். எலும்பில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் அந்தச் சோதனை இல்லை என்று சொன்னாலும் நோய் இல்லை என்று பொருளில்லை. கல்ச்சருக்கு ஆறு வாரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஊசி எங்கே நுழைகிறது என்பதும் சிறிய விஷயம் அல்ல, குறிப்பாகக் கைகால் எலும்புகளில். உள்ளே இருப்பது புற்றாக இருந்துவிட்டால் ஊசி போன பாதையில் செல்கள் சிந்தும். பின்னால் கட்டியை அகற்றும்போது அந்தப் பாதையையும் சேர்த்து வெட்ட வேண்டும். ஆகவே இறுதி அறுவையைச் செய்யப்போகும் மருத்துவரே பயாப்சியின் இடத்தைக் குறிக்க வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி மேன்கின் குழு 1982-இல் 329 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு பயாப்சியை ஒட்டிய நோயறிதலில் பெரும்பிழை நேர்ந்திருந்தது. சிலர் தேவையில்லாமல் உறுப்பை இழந்திருந்தார்கள். 1996-இல் 597 நோயாளிகளை வைத்து மீண்டும் பார்த்தார்கள். நிலைமை பெரிதாக மாறவில்லை.

இந்தியாவில் எதிர்த்திசைப் பிழை ஒன்று வேரூன்றிக் கிடக்கிறது, அது இன்னும் கொடியது என்றே சொல்ல வேண்டும். காசநோய் இங்கே சர்வசாதாரணம் என்பதால் பயாப்சி எடுக்காமலே காசநோய் மருந்தைத் தொடங்கி, குறைகிறதா பார்ப்போம் என்று காத்திருப்பது. அறுபது வயதுக்காரரின் முதுகில் இருப்பது மைலோமா எனப்படும் மச்சைப் புற்றாக இருந்தால், அந்தக் காத்திருப்பில் சிறுநீரகம் கெட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய ரத்தப் புரதச் சோதனையே பெரும்பாலும் உதவும். காசநோய் மருந்துக் கூட்டில் உள்ள ரிஃபாம்பிசின் வேறு பாக்டீரியாக்களையும் அடக்கும் என்பதால், வலி சற்றுக் குறைந்தது என்பதை வைத்துக் காசநோய் உறுதியாகிவிட்டதாக எண்ணவும் முடியாது. தண்டுவடம் நசுங்கிய அவசரத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டும் இதே வேலையைச் செய்கிறது. லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றாக இருந்தால் ஸ்டீராய்டில் கட்டி சுருங்கி பயாப்சியில் பெயர் சொல்ல முடியாமல் போகும். தொற்றாக இருந்தால் அது பரவும். நிலைமை தாங்குமென்றால் திசுவை எடுத்த பிறகே மருந்து.

காசநோய் என்று உறுதியானால் எலும்புக்கு இந்திய வழிகாட்டு நெறிகள் சொல்வது பன்னிரண்டு மாத மருந்து: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று. சென்னை ஆய்வு குறுகிய காலமே போதும் என்று காட்டியிருந்தும் நெறியாளர்கள் பாதுகாப்புக்காக நீட்டித்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. மறுபடியும் ஏமாற்றும். முதல் மூன்று நான்கு மாதங்களில் நோயாளிக்கு வலி குறைந்து எடை கூடியிருக்க, படத்தில் மினுக்கம் அப்படியே இருக்கும். சிலருக்குச் சீழ்க்கட்டி பெருத்துக்கூடத் தெரியும். இறந்த கிருமிகளின் மேல் நோயெதிர்ப்பு ஆற்றல் காட்டும் வேகமே அது. மருந்து வேலை செய்யவில்லை, அப்போதே புற்று என்றார்களே என்ற பேச்சு வீட்டில் மீண்டும் கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். எடை, வலி, இ.எஸ்.ஆர்., கால்களின் வலு ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நிஜமாகவே மோசமாகிறது என்றால் மருந்துக்கு அடங்காத கிருமியா என்று மீண்டும் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். மச்சையில் கொழுப்பு திரும்பி, டி-1 படத்தில் வெளிறத் தொடங்குவதே ஆறியதற்கான அடையாளம்; அதற்குப் பலருக்கு ஓராண்டு ஆகும்.

குழந்தைகளுக்குக் கணக்கு அங்கேயும் முடிவதில்லை. சென்னை ஆய்வில் சேர்ந்திருந்த குழந்தைகளைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்த கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன், கிருமி முற்றிலும் ஒழிந்த பிறகும் சில குழந்தைகளின் கூன் வளர்ந்துகொண்டே போவதை 2001-இல் எழுதினார். முதுகின் பின்பக்க மூட்டுகள் விலகுவது, நோயுற்ற முள்ளெலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவது, மேல் எலும்பு பக்கவாட்டில் நகர்வது, முன்னால் கவிழ்வது என்று நான்கு எக்ஸ்ரே அடையாளங்களை அவர் வகுத்தார். அவற்றில் இரண்டுக்கு மேல் தெரியும் குழந்தைக்குக் கூன் பெரிதாவதற்கு முன்பே முதுகை நிலைநிறுத்தும் அறுவைச் சிகிச்சை செய்துவிட வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கும் வளர்ச்சி நிற்கும்வரை முதுகெலும்பைப் படம் எடுத்துக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.